அப்புத்தளை: இரண்டு பக்கமும் இறங்கும் ஊர்

முதல் நாள்

என் அப்பாயிக்கு 84 வயது. 1972இல் இலங்கையின் அப்புத்தளை மலையிலிருந்து இறங்கி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரம் வந்து, கடைசியில் நீலகிரியில் பந்தலூர் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கச் சேர்ந்தவர். பாஸ்போர்ட் முதலான பழைய காகிதங்கள் ஒரு மழைக்காலத்தில் நனைந்து கூழாகிவிட்டன. அவர் சொல்லும் தோட்டப் பெயரோ தொழிலாளிகள் தங்களுக்குள் வழங்கிக்கொண்ட தமிழ்ப் பெயர். எந்த வரைபடத்திலும் அது இல்லை. இருந்த லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீட்டைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயம் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். ராத்திரி வாசலில் நின்றால் ரொம்பத் தூரத்தில், காலுக்குக் கீழே விளக்கு தெரியும். காற்று கீழேயிருந்து ஏறி வரும், அதற்குக் கச்சான் என்று பேர்.

இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு லயத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கத்தான் ஆகஸ்ட் மாதமாகத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறேன். கச்சான் அடிக்கும் மாதம் இது.

விடிவதற்கு முன்பே கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போய் 'பொடி மெனிக்கே' ரயிலைப் பிடித்தேன். பதுளை வரை போகும் இந்தப் பாதை சுமார் 290 கிலோமீட்டர். அகலப் பாதை என்பதால் வண்டி நம்மூர் ரயில் மாதிரியே விசாலம். ஊட்டி ரயில் போலப் பல்சக்கரம் கிடையாது. வளைந்து வளைந்தே மலையேறுகிறது. பாதை நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்தது, நானுஓயாவுக்கு 1885இல் வந்தது. அங்கிருந்து அப்புத்தளையைத் தொட 1893 ஆகிவிட்டது. ஏன் இத்தனை வருடம் என்பது நானுஓயா தாண்டியதும் புரிந்துவிடும். பட்டிப்பொலவில் 1,891 மீட்டர் உயரம் வரை ஏறி, மலைமுகட்டைக் குடைந்து, அப்புறம் பாறைச் சுவரின் விளிம்பிலேயே குகை குகையாகப் புகுந்து இறங்க வேண்டியிருக்கிறது.

ஹட்டன் தாண்டியதும் ஒரு பையன் "கச்சான், கச்சான்" என்று கூவிக்கொண்டு வந்தான். காற்றை யாராவது விற்பார்களா என்று திரும்பிப் பார்த்தால், வறுத்த வேர்க்கடலை. இலங்கைத் தமிழில் கடலைக்கும் கச்சான்தான், காற்றுக்கும் கச்சான்தான். ஒரு பொட்டலம் வாங்கினேன்.

அதுவரை வெளியே நல்ல மழை. தலவாக்கலை, நானுஓயா எல்லாம் நனைந்து கிடந்தன. பட்டிப்பொலவைத் தாண்டி முகட்டுச் சுரங்கத்துக்குள் மழையோடு நுழைந்த ரயில், மறுபக்கம் வெயிலில் வெளியே வந்தது. பெட்டியில் இருந்தவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. இது இவர்களுக்குத் தெரிந்த கணக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் தன் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, கிழக்குப் பக்கத்து மலைநாடான ஊவாவுக்குள் இறங்கும்போது உலர்ந்த காற்றாகிவிடுகிறது. ஊவாவுக்கு மழை அக்டோபருக்கு மேல், வடகிழக்குப் பக்கமிருந்து வரும். ஒரு சுரங்கத்தின் இரண்டு வாயிலும் இரண்டு பருவம்.

மாலையில் அப்புத்தளை. நிலையத்தில் இறங்கியதும் தொப்பி பறந்துவிட்டது.

இரண்டாம் நாள்

பல மலை நகரங்கள் ஒரு பள்ளத்தாக்கிலோ ஏரிக்கரையிலோ உட்கார்ந்திருக்கும். இது அப்படியில்லை. சுமார் 1,430 மீட்டர் உயரத்தில், கத்தியின் முதுகு போன்ற ஒரு வரப்பின் மேல் கடைத்தெரு. தெருவின் தென்கோடிக்கு நடந்தால் சாலை திடீரென்று கண்ணிலிருந்து மறைந்து கீழே விழுகிறது. அதற்கு அப்பால் ஆகாயம்தான் இருக்கிறது, கீழே நீலமாய்த் தெற்குச் சமவெளி. திரும்பி வடக்கே பார்த்தால் அலையலையாய் ஊவாப் பள்ளம்: தியத்தலாவை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்துக் காய்கறி நிலங்கள், கிழக்கே நமுனுகுல மலை.

இலங்கையின் மத்திய மலைக்கு ஒரு தெற்குச் சுவர் உண்டு. சிவனொளிபாத மலையில் தொடங்கி, ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பு வழியாக வந்து, நமுனுகுல வரை போகும் சுவர். அப்புத்தளை அந்தச் சுவரின் மேலேயே, தாழ்ந்த ஓர் இடத்தில் இருக்கிறது. அதனால்தான் சாலையும் இங்கே ஏறியது, காற்றும் இங்கே நுழைகிறது. வடக்குச் சரிவில் விழும் மழை ஓடை ஓடையாகச் சேர்ந்து மகாவலியில் கலந்து திருகோணமலைக்குப் போகிறது. தெற்குச் சரிவில் விழுந்தால் வளவை ஆற்றோடு சேர்ந்து தென்கடலுக்கு. கடைத்தெருவின் அகலம் ஐம்பது அடிகூட இருக்காது. ஒரே மேகம், ஒரே தெரு, இரண்டு கடல்.

சந்தைக்குப் பக்கத்தில் ரயில் பாதை தெருவை வெட்டிக்கொண்டு போகிறது. ரயில் இல்லாத நேரத்தில் தண்டவாளம்தான் நடைபாதை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோணி மூட்டை சுமப்பவர்கள், எல்லோரும் அதன் மேலேயே நடக்கிறார்கள். ஒரு சின்னக் கடையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், இஞ்சி போட்ட தேத்தண்ணியும். கடைக்கார அக்கா என் பேச்சைக் கேட்டுவிட்டு, "இந்தியாவா? எங்க அம்மாவோட கூடப்பிறந்தவங்க எல்லாரும் அங்கதான் போனாங்க. கூடலூராம்" என்றார். நான் கூடலூருக்குப் பக்கத்து ஊர்க்காரன் என்றேன். தேத்தண்ணிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிற்பகல் முழுவதும் இந்த ஊரின் வயதைப் பற்றி யோசித்துக்கொண்டே நடந்தேன். தெருவும் நிலையமும் வெள்ளைக்காரன் காலத்தவை. இங்கிருக்கும் அங்கிலிக்கன் தேவாலயம் 1869இல் கட்டியது. ஆனால் அதற்கு முன்பு இங்கே ஒன்றுமில்லை என்று நினைத்தால் தவறு. ஊவா கண்டி அரசின் பகுதி. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. இரண்டே வருடத்தில், 1817இல், ஊவாவும் வெல்லஸ்ஸவும் கிளர்ந்தெழுந்தன. 1818இல் அதை அடக்கிய விதம் கொடூரமானது: வயல்களை எரித்தார்கள், குளங்களை உடைத்தார்கள், ஊர் ஊராக ஆளில்லாமல் போனது. 1840இல் ஒரு சட்டம் வந்தது. பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரிய நிலம் என்றது. அந்த நிலம்தான் காப்பித் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டது. நிலம் இழந்த சிங்களக் குடியானவர் தோட்டத்தில் கூலிக்கு நிற்க விரும்பவில்லை. அதற்குத்தான் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்து மனிதர்களை, ஆள் சேர்க்கும் கங்காணிகள் கூட்டிவந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடை. காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் ஒரு நடைபயணம் போனார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அப்பாயி முதல்முறையாகத் தன் தாத்தா நடந்து வந்த கதையைச் சொன்னார்.

மூன்றாம் நாள்

காலை பஸ்ஸில் டம்பேத்தன்ன. பாதை முழுக்கச் சரிவின் விளிம்பிலேயே போகிறது, பஸ் நிறையக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள். தொழிற்சாலை 1890இல் தாமஸ் லிப்டன் கட்டியது. இங்கே யாரும் அதைத் தொழிற்சாலை என்பதில்லை, 'ஸ்டோரு'. நீளமான வெள்ளைக் கட்டடம், மேல்மாடி முழுக்க ஜன்னல்.

காப்பி இலையில் துரு நோய் முதலில் தென்பட்டது 1869இல். இருபது வருடத்துக்குள் இலங்கைக் காப்பியே ஏறக்குறைய அழிந்துபோனது. தோட்டங்கள் அடிமாட்டு விலைக்கு வந்த நேரத்தில் 1890இல் கிளாஸ்கோ மளிகைக் கடைக்காரரான லிப்டன் வந்து, அப்புத்தளைச் சுற்றில் தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர் இல்லாமல் தோட்டத்திலிருந்து நேராகக் கோப்பைக்கு என்று விளம்பரம் செய்தார். அவர் மலிவாக விற்ற தேயிலை இங்கிலாந்தின் தொழிலாளி வீட்டு அடுப்புக்கும் போனது.

மேல்மாடியில் நீளமான தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியில் காற்றை விட்டு ராத்திரி முழுக்க வாட்டுகிறார்கள். வாடிய கொழுந்து கீழே இறங்கி, உருட்டும் எந்திரத்தில் நசுங்கி, பரப்பி வைத்ததும் பச்சை மெல்ல மெல்லச் செப்பு நிறமாகிறது. அந்த நிலையில் வரும் வாசனை எனக்குப் பழக்கமானது; பந்தலூரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த ஆலையிலிருந்து அதுதான் வரும். பிறகு சூட்டில் உலர்த்தி, சலித்து, ரகம் பிரிக்கிறார்கள். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூள் ஆகிறது.

ஆனால் ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் இருக்கும் பேர் எந்திரத்தால் வந்ததில்லை. கச்சானால் வந்தது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இந்த உலர்ந்த காற்று செடியை வருத்துகிறது. கொழுந்து வேகமாக வளராமல் இறுகி நிற்கும். அப்போது இலைக்குள் சேரும் வாசனைப் பொருள்கள் தனி. கோப்பையில் புதினா போல, குளிர்ச்சியாக ஒரு மணம் எழும். கொழும்பு ஏலத்தில் ஊவாவின் பருவம் இதுதான். செடிக்கு இது கஷ்டகாலம், கொழுந்தும் குறைவு. பறிக்கிறவருக்கும் அப்படியே. கொழுந்து குறைந்தால் கிலோக் கணக்கு நிரம்பாது, நிரம்பாவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் விழும். உலகம் விலை கொடுத்து வாங்கும் மாதத்தில் பறிப்பவரின் கூடை காலியாக இருக்கிறது. இந்தக் கணக்கு எனக்கு மனசு ஆறவில்லை.

ஸ்டோரிலிருந்து லிப்டன் இருக்கைக்கு ஏழு கிலோமீட்டர் ஏற்றம். நடந்தேன். வழியெல்லாம் லயங்கள், சின்ன மாரியம்மன் கோயில்கள், இரண்டு பள்ளிக்கூடங்கள். இடையிடையே மலையில் நிரை பிடித்துப் பறித்துக்கொண்டிருக்கிறார்கள். ('மலை' என்றால் இங்கே தேயிலை நிற்கும் இடம். "இன்னைக்கு எந்த மலை?" என்றுதான் பிரட்டில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், கேட்பார்கள்.) இடுப்பில் படங்கு என்னும் சாக்குத் துணி, நெற்றியில் கூடைக் கயிறு. நீலகிரியில் அப்பாயி கட்டியிருந்ததும் இதே கட்டுதான். ஒரு நிரையின் ஓரத்தில் நின்று பேசினேன்.

"நாளைக்கு எவ்வளவு தருவாங்க அக்கா?"

"ஆயிரம். அதுவும் கிலோ போட்டாத்தான் தம்பி."

நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021இல், பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு. அதற்கு அடுத்த வருடமே இலங்கையின் பொருளாதாரம் சரிந்து, அந்த ஆயிரத்தின் மதிப்பு கையிலேயே கரைந்தது. நான் பேசியபோது 1700 கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. அந்த அக்கா பேசும்போதும் விரல் நிற்கவில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும், இரண்டு இலையும் ஒரு மொட்டும்.

மேலே, ஏறக்குறைய 1,970 மீட்டரில், லிப்டன் தன் விருந்தாளிகளோடு உட்கார்ந்து நிலத்தைப் பார்த்த இடம். பனி விலகியபோது தெற்கே உடவளவை நீர்த்தேக்கம் ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி தெரிந்தது. நான் அந்த அழகை மறுக்கவில்லை, ஒரு மணி நேரம் நகராமல் நின்றேன். ஆனால் அங்கே எனக்கு முக்கியமாகப் பட்டது காற்றுதான். தென்மேற்குக் காற்று சுவரில் முட்டி, போக வழியில்லாமல் சரிவோடு மேலே ஏறுகிறது. கீழேயிருந்து முகத்தில் அடித்தது. ஆக, அப்பாயியின் லயம் தெற்குச் சரிவில் இருந்திருக்க வேண்டும். வடக்கே பள்ளத்தில் இருந்திருந்தால் காற்று தலைக்கு மேலிருந்து இறங்கியிருக்கும்.

நான்காம் நாள்

பகல் பூராவும் பனிமூட்டம். அதிஷாம் பங்களா வரை போய்வந்தேன். 1931இல் சர் தாமஸ் வில்லியர்ஸ் என்ற தோட்ட முதலாளி கட்டியது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தான் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார். 1960களின் தொடக்கத்திலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அவர்கள் செய்யும் ஜாம் நன்றாக இருக்கிறது. பக்கத்துக் காட்டின் பெயர் தங்கமலை, பறவைகளின் சரணாலயம். சுத்தமான தமிழ்ப் பெயர். யார் வைத்தார்களோ அவர்களுக்கு என் வணக்கம்.

ஐந்தாம் நாள்

பெரகலை இறங்கி, வெல்லவாய சாலையில் கொஸ்லாந்தை. எல்லோரும் இந்த வழியில் 220 மீட்டர் உயர தியலும அருவியைப் பார்க்கப் போகிறார்கள். நானும் பார்த்தேன். ஆனால் மண்சரிவில் புதைந்த மீரியபெத்தைத் தோட்டத்தைப் பார்க்காமல் போக முடியவில்லை.

2014 அக்டோபர் 29, காலை. பிள்ளைகள் சிலர் பள்ளிக்கூடம் கிளம்பியிருந்தார்கள். பல நாள் மழையில் ஊறிய மலை அப்படியே வழுக்கி இறங்கி லயங்களை மூடியது. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. எச்சரிக்கை வந்தது, போவதற்கு ஓர் இடம் வரவில்லை. தோட்டத்து மக்களுக்கு வீடும் நிலமும் சொந்தமில்லை. நினைத்தவுடன் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய் வேறு இடத்தில் குடிசை போட முடியாது. தெற்குச் சுவரின் அடியில் காலகாலமாக மேலேயிருந்து உதிர்ந்த மண்ணும் கல்லும் குவிந்து கிடக்கிறது. காடு இருந்தவரை வேர் பிடித்திருந்தது. காட்டை வெட்டிக் காப்பி, காப்பியைப் பிடுங்கித் தேயிலை, நடுவே லயம். பிறகு வேறு இடத்தில் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள்.

இப்போது அங்கே புல்லும் புதரும். அதிக நேரம் நிற்கவில்லை. இன்றைக்கு வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஆறாம் நாள்

கடைக்கார அக்காதான் வழி காட்டினார். தெற்குச் சரிவில் ஒரு தோட்டத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார், பழைய தமிழ்ப் பெயரெல்லாம் அவருக்குத் தெரியும் என்று ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தார்.

அப்பாயி சொன்ன தோட்டப் பெயரைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார். "அந்தப் பேரைச் சொல்லி ஆரும் கேட்டு முப்பது வருசம் ஆச்சு." 1975இல் வெள்ளைக்காரக் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பெனிகளுக்குப் போனது. நடுவில் பழைய தோட்டம் துண்டு துண்டாகி வேறு வேறு பெயர்களில் கரைந்துவிட்டது என்றார். கீழ்க்கணக்கு, அதாவது தோட்டத்தின் கீழ்ப் பிரிவு லயங்களில் இன்னும் இரண்டு நிற்கின்றனவாம்.

போகும் வழியில் பழைய கதை பேசினோம். 1948இல் நாடு சுதந்திரம் பெற்ற கையோடு வந்த குடியுரிமைச் சட்டத்தில் ஏறக்குறைய முழு மலையகமே நாடற்றதாகிப் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதர்களைத்தான் சொல்கிறேன். அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று ஒரே வீட்டுக்குள்ளேயே கோடு விழுந்தது.

"அப்புத்தளை டேசன்ல கோச்சி வந்து நின்னா ஒப்பாரிதான் தம்பி. போறவங்களும் அழுவாங்க, நிக்கிறவங்களும் அழுவாங்க. ஒப்பாரிக் கோச்சின்னே பேரு. எங்க அக்கா அதுலதான் போச்சு."

நான் முதல் நாள் தொப்பியைத் துரத்திக்கொண்டு ஓடிய அதே பிளாட்பாரம்.

இரண்டு லயத்தில் ஒன்று பூட்டிக் கிடந்தது, தகரக் கூரை பாதி பெயர்ந்திருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள், முன்னால் ஒட்டுத் திண்ணை. இன்னொன்றில் ஆட்கள் இருந்தார்கள். உள்ளே கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, கேட்பதற்கு முன்பே தேத்தண்ணி வந்துவிட்டது. ஏழு மணிக்குப் பனி விலகியது. திண்ணையிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தேன். காலுக்குக் கீழே வெகுதூரத்தில் விளக்குகள், கடலோரம் வரை. "அந்தக் காலத்துல இம்புட்டு கெடையாது. ஒண்ணு ரெண்டுதான் மினுக்கும்" என்றார் பெரியவர். கீழேயிருந்து காற்று ஏறி வந்து சட்டையை உப்ப வைத்தது.

அப்பாயிக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள், "என்னடா அது இரைச்சல், கச்சானா?" என்றார்.

"ஆமா அப்பாயி."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் குரலில் பழைய அதட்டல் வந்துவிட்டது. "வெளக்கு எல்லா லயத்துலயும்தான் தெரியும். லயத்துக்குச் சோத்தாங்கைப் பக்கம், பாறைக்கு அடியில ஒரு பீலி இருக்கும். போய்ப் பாரு."

பீலி என்றால் மலைத் தண்ணீர் வந்து விழும் குழாய். அப்பாயி அதை இதுவரை சொன்னதே இல்லை. பெரியவரிடம் கேட்டேன். "பீலி எல்லா லயத்துலயும்தான் இருக்கும் தம்பி" என்று தொடங்கியவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "பாறைக்கு அடியில வர்றது இந்தப் பக்கம் ஒண்ணுதான்."

போன் வெளிச்சத்தில் இறங்கினோம். பூட்டிக் கிடந்த லயத்தின் வலப்பக்கம், இருபது படிக்குக் கீழே, ஒரு பெரிய பாறை. மூங்கில் இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் குழாய். அடியில் துணி துவைத்துத் துவைத்துக் குழிந்துபோன கல். கச்சான் மாதத்திலும் தண்ணீர் விரல் பருமனுக்கு விழுந்துகொண்டிருந்தது.

அப்பாயி இன்னும் லைனில்தான் இருந்தார். போனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தேன்.